தொப்பூர் இறக்கத்தில் நாங்கள் இருவர்

தொப்பூர் மலை இறக்கம் தொடங்குமிடத்தில் என் கணவர் லாரியை ஓரங்கட்டி, ஸ்டீயரிங் பக்கத்திலிருந்த ஒரு சின்ன சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். வழக்கமாகக் கேட்கும் புஸ்ஸென்ற ஓசை வரவில்லை. வண்டி நிறைய இரும்பு. பாதியைச் சேலத்திலும் மீதியை எங்கள் ஊர்ப் பக்கமுள்ள சேதராப்பட்டிலும் இறக்க வேண்டும். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாதத்தில் பாதி நாள் அவர் சாலையில் இருப்பார். முத்தியால்பேட்டை வீட்டில் நான் ஒருத்தி. திரும்பி வந்தாலும் களைப்பில் தூங்குவார், எழுந்தால் கிளம்புவார். அந்த முறை நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். ஊர் பார்க்கும் ஆசை ஒன்றும் இல்லை. அவரோடு இருக்க வேறு இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

வரும் வழியில் அந்த எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பற்றி அவரே சொல்லியிருந்தார். புகைக்குழாயில் ஒரு தகடு உண்டு. சுவிட்சை அழுத்தினால் காற்றழுத்தம் தகட்டை மூடிவிடும். வெளியேற வழியில்லாத புகை எஞ்சினையே எதிர்த்துத் தள்ள, எஞ்சின் திணறிச் சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். கால் பிரேக்குக்கு அந்நேரம் ஓய்வு. இறக்கம் நெடுகக் காலாலேயே மிதித்துக்கொண்டு வந்தால் சூடு ஏறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. அன்று தகட்டுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய் வெடித்திருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டார். "மெக்கானிக் நாளைக்குத்தான் வருவான். ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் எறங்கல? உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆள அனுப்புறேன்" என்ற குரல் எனக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ பஸ்ஸுல போயிடு. கீழ டோல்கேட்டுகிட்ட நில்லு."

"நான் எறங்க மாட்டேன்."

அவர் வற்புறுத்தவில்லை. வேறொருவன் வந்து இதை வேகமாக இறக்குவதைவிட, தானே மெதுவாக இறக்குவது மேல் என்று நினைத்திருக்க வேண்டும். முதல் கியரில் போட்டார். எஞ்சின் கதற, நடப்பவர் முந்திவிடும் வேகத்தில் வண்டி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அலறியது. காரில் கடந்த ஒருவர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனார். இடமிருந்த இடங்களில் நிறுத்துவோம். நான் மரக்கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பேன். கருகிய வாடை அடங்கும்வரை காத்திருந்து மறுபடி கிளம்புவோம்.

ஒரு வளைவில் வண்டி அவர் பிடியை மீறி வேகமெடுத்தது. கால் பிரேக்குக்கான காற்றழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் கழுத்தில் வியர்வை ஓடியது.

"பேசிட்டே வா. எதுனா பேசு" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என்ன பேசுவது? தேங்காய்த்திட்டில் மீன் விலையைச் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொன்னேன். பிறகு என்னை அறியாமல், "நீங்க இல்லாத நாள்ல நான் சமைக்கிறதே இல்ல. ரேடியோவ சத்தமா வெச்சிட்டுப் படுத்துக்குவேன். எத்தினியோ நாள் யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசினதில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே இருந்தார். வண்டி மெல்ல அடங்கி வளைவைத் தாண்டியது.

சமதரைக்கு வந்து நிறுத்தியபின் அவர் கைகள் ஸ்டீயரிங்கை விடவே நேரமாயிற்று. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்காமல் கேட்டார்: "சமைக்கிறதே இல்லியா?"

அதன்பின் அவர் அதிக நாள் லாரி ஓட்டவில்லை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வேன் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் குறைவு. நண்பர்கள் கேலி செய்தார்கள். மேடும் பள்ளமும் இல்லாத சாலையில் ஓட்டி, பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்துவிடுவார். பேசத் தெரியாத மனிதர். ஆனால் நான் பேசுவதை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நெஞ்சுவலி வந்து அவர் கண்ணை மூடும்வரை, சில வருடங்கள் அப்படி வாழ்ந்தோம்.

சென்ற மாதம் தர்மபுரியில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுச் சேலம் வரும் சொகுசுப் பேருந்தில் ஏறினேன். ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அந்த இறக்கத்தில் பேருந்து சத்தமில்லாமல் தானாக வேகம் தணிந்து இறங்கியது. ஓட்டுநரின் கால் பிரேக்கின் மேல் இல்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, எக்ஸாஸ்ட் பிரேக்கா?"

அவர் சிரித்தார். "இது ரிடார்டர்மா. எண்ணெயே சுத்தற தண்டைப் புடிச்சு நிறுத்தும். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டினாரு."

"இப்ப ஓட்டறதில்லியா?"

பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் தூக்கத்திலும் போனிலும் இருந்தார்கள். என் கணவரைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"இல்ல தம்பி. வீட்லதான் இருக்காரு."

"ஓட்டினது போதும்மா. நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.