பெட்டிக்கு இரண்டு கூடுதல்

பிற்பகல் மூன்று மணிக்கு ஜொகூர் பாருவின் லார்கின் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கோலாலம்பூரிலிருந்து முந்நூற்று முப்பது கிலோமீட்டர், நாலரை மணி நேரம், கட்டணம் முப்பத்தைந்து ரிங்கிட். இங்குள்ள தமிழர்கள் அதை வெள்ளி என்கிறார்கள். வழிநெடுக எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். பேருந்தின் குளிரில் பல் கிட்டிப்போனாலும் உள்ளங்கை மட்டும் வியர்த்தபடியே இருந்தது. பயம்தான், வேறென்ன.

கரூரில் பன்னிரண்டு தையல் இயந்திரங்கள் வைத்து, உணவகங்களுக்கான துடைக்கும் துண்டுகள் தைத்து அனுப்புகிறேன். ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் கடை வைத்திருக்கும் மல்லிகா அக்கா ஆறு வருடமாக எங்களிடம் வாங்குகிறார். பேச்செல்லாம் தொலைபேசியில்தான், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. இந்த வருட ஆர்டரைக் கேட்டால் மட்டும் "பாப்போம் லா" என்று அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வைச் சேர்த்து மழுப்பிக்கொண்டே இருந்தார். அவர் விலகினால் பாதி இயந்திரங்கள் நின்றுவிடும், ஆறு பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். விலைதான் பிரச்சினை என்று நானே முடிவுகட்டி, குறைத்துச் சொல்ல ஒரு தொகையை மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறியிருந்தேன்.

அழைத்துப்போக அக்காவின் கணவர் சேகர் அண்ணன் வந்திருந்தார். "வாங்கம்மா, வீட்டுக்குப் போயி பசியாறலாம். காலைலேர்ந்து மல்லிகா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா" என்று பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

காரில் பதினைந்து நிமிடம். டயர் கடைகளும் மோட்டார் பட்டறைகளும் தாண்டி ஒரு கடைவரிசை. கீழே கடை, மேலே வீடு. அக்கா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"அலமாக்! சின்னப் புள்ளையா இருக்கியே! போன்ல கேட்டா கெழவி மாரி இருக்கும்."

"உங்க குரலைக் கேட்டு நான் பயில்வான்னு நெனச்சேனுங்க அக்கா" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

நாலரை மணிக்குத் தேநீரும், கறிபாப் என்று இங்கே சொல்லும் சூடான மசாலா பப்ஸும் முடிந்ததும் புதிய மாதிரிகளைக் கடை மேசையில் விரித்து, மனப்பாடம் செய்த விலையை ஒப்பித்தேன். அக்கா துணியைத் தடவிப் பார்த்தார்.

"வெலயில ஒன்னும் இல்ல லா. துணியும் எப்பவும் நல்லாத்தான் இருக்கு. என்னாலதான் முடியல."

"சொல்லிடு மல்லிகா. எவ்ளோ தூரம் வந்துருக்காங்க" என்றார் அண்ணன். அக்கா முறைத்தார். அண்ணன் கேட்பதாக இல்லை, என் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஒங்க லிஸ்ட்ல பெட்டிக்கு நூறு துண்டு. உள்ள நூத்தி ரெண்டு இருக்கும். ஒரு பெட்டில போர்வை வேற. மொத வருஷம் கஸ்டம்ஸ்ல எண்ணிட்டாங்க. அதுலேர்ந்து ஒங்க சரக்கு வந்தாலே எல்லாப் பெட்டியும் தொறந்து எண்ணுவாங்க. அவங்க வேல அவங்க செய்றாங்க. இவதான் நாள் முழுக்க கூட நிக்கணும். இப்ப முட்டி தேஞ்சு போச்சும்மா."

எனக்குக் காது சுட்டது. அந்த இரண்டு துண்டுகளைப் போடுவதே நான்தான். துணி கிழித்தால் ஒரு சாண் விட்டுக் கிழிப்பதும், எண்ணிக் கொடுத்தால் மேலே ஒன்று வைப்பதும் எங்கள் ஊர்ப் பழக்கம். நறுக்கென்று எண்ணிக் கொடுத்தால் கஞ்சம் என்பார்கள். போர்வை அக்காவுக்கென்று நானே தேர்ந்தெடுப்பது. என் தாராளத்தை நினைத்து ஆறு வருடமாகப் பெருமைப்பட்டிருக்கிறேன், முட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"எப்படி லா சொல்றது? பாசமா போடுறவகிட்ட போடாதன்னு சொல்லுவாங்களா? அதான் ஆர்டரையே நிப்பாட்டிடலாம்னு பாத்தேன்."

இரண்டு துண்டுகளை வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல், வியாபாரத்தையே வேண்டாம் என்று சொல்லத் துணிந்த மனுஷியை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூடுதல் துண்டு இனி ஒன்றுகூட வராது என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். போர்வையையும் நிறுத்திவிடுவதாகச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"போர்வைய நிப்பாட்டுனா ஒன்கிட்ட பேச மாட்டேன். லிஸ்ட்ல எழுதிப் போடு. அது போதும்."

அங்கேயே உட்கார்ந்து புதிய பட்டியல் எழுதினோம். கடைசி வரியாக 'போர்வை ஒன்று, அன்பளிப்பு' என்று சேர்த்தேன். அந்த வருட ஆர்டர் முழுவதையும் அக்கா உறுதி செய்தார்.

மறுநாள் காலை பத்து மணிப் பேருந்து. வேண்டாம் என்று சொல்லியும் அக்கா லார்கின்வரை வந்தார். ஊரில் கூட்டிக் கொடுப்பது மரியாதை. இங்கே சொன்னதைச் சொன்னபடி அனுப்புவதுதான் மரியாதை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடமும் ஒரு முட்டியும் செலவாகியிருக்கின்றன. அந்த முட்டி என்னுடையதில்லை என்பதுதான் உறுத்தல். அதை அக்காவிடம் சொன்னேன்.

"அத விடு. ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத" என்றார். "இந்தப் போர்வை எப்படி உள்ள வந்துச்சுன்னு ஆபீசர் கேக்குறப்பல்லாம், கம்பெனில தப்பா போட்டுட்டாங்கன்னு சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் மனசு வலிக்கும். இனிமே கேட்டா, என் தங்கச்சி அனுப்புனான்னு சொல்லுவேன் லா."

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டுநர் இரண்டு முறை ஒலிப்பானை அடித்த பிறகுதான் விட்டேன்.