சூப்பர்வைசரின் தொண்டை

சட்டை தைக்கும் ஆலையின் மேல்மாடிக் கூடத்துக்கு அவர்தான் சூப்பர்வைசர். முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'செருமல்'. பட்டப்பெயருக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. படியில் கால் வைக்கும்போதே தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு செருமல், திருப்பத்தில் இன்னொன்று, கதவருகே முத்தாய்ப்பாக ஒன்று. ராஜாவுக்கு முன்னால் கட்டியக்காரன் கத்திக்கொண்டு போவானாம். இவருக்கு அந்தச் செலவுகூட இல்லை.

கூடம் முழுக்கத் தன் கண் அசைவில் ஓடுகிறது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. எப்போது நுழைந்தாலும் குனிந்த தலை நிமிராது, மெஷின் சத்தம் ஓயாது. வெட்டிய துணி கட்டுக் கட்டாக வரும். அவரவர் கட்டை அவரவர்தான் தைக்க வேண்டும், பக்கத்து மெஷின்காரியின் கை அதில் படக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். அதை ஒருத்தி மீறி அவர் பார்த்ததே கிடையாது. தன் ஆட்களுக்கு ஒரு தடவை சொன்னால் போதும் என்று விருந்துக்குப் போன இடங்களிலெல்லாம் பீற்றிக்கொள்வார். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

தொண்டை மட்டும் அவர் சொல்லைக் கேட்கவில்லை. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் எந்நேரமும் ஓர் உருண்டை அங்கே உட்கார்ந்திருந்தது. விழுங்கினால் இறங்காது, காறினால் வராது. காலையில் குரல் தகரத்தை இழுப்பதுபோல் இருக்கும். ஊரில் வைத்தியருக்கா பஞ்சம்? வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு என்றான் மச்சான். மிளகுக் கஷாயம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொள் என்றது மருந்துக்கடை. எல்லாவற்றையும் விடாமல் செய்தார். தொண்டை இன்னும் மோசமானது.

"கண்டவன் சொன்னதையெல்லாம் ஊத்துறதுக்கு அது என்ன தொண்டையா, சாக்கடையா?" என்று மனைவி ஒரு நாள் பொரிந்து தள்ளி, தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, கோளாறு வயிற்றில் என்றார். இவருக்கு மானமே போய்விட்டது. கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு என்று பெயர் வாங்கியவர் அல்லவா? ஒரு நாள்கூட நெஞ்சு எரிந்ததில்லையே என்று சண்டைக்குப் போனார்.

"அதுதான் விஷயமே. சில பேருக்கு எரியாது. அமிலம் சத்தம் போடாம தொண்டை வரைக்கும் ஏறி வந்துட்டுப் போயிடும். நீங்க குடிச்ச எலுமிச்சை அதுக்கு நல்லாத் தூபம் போட்டிருக்கு" என்றார் டாக்டர்.

மாத்திரை போக, காபி கூடாது, புதினா கூடாது, இடுப்பு வாரை இறுக்கக் கூடாது, சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிட்டு, வீட்டில் மற்றவர்கள் பிறகு சாப்பிடுவதை வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தினார்கள். விடிந்து பார்த்தால் கணவனும் மனைவியும் கால்மாட்டில் மூட்டைபோல் குவிந்து கிடந்தார்கள். நோய் இவருக்கு, சறுக்கல் எனக்கா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மனுஷன் விடவில்லை. சில மாதங்களில் உருண்டை கரைந்தது. செருமல் நின்றது.

நின்ற மறுநாளே விபரீதம். பூனைபோல் படியேறிக் கூடத்துக் கதவில் வந்து நின்றார். பாக்கெட் தைக்கிற பெண் மெஷின்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள், இன்னும் கை ஓடவில்லை. அவளுடைய கட்டு 'காலர் அக்கா'வின் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. காலர் தைப்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் இல்லாததால் அந்தப் பெயர். இன்னும் இரண்டு கட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, ஒருத்தி எழுந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து, கதவருகே மூன்றாவது செருமல் எப்படி விழும் என்று நடித்துக் காட்டினாள். அச்சு அசலாக இருந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நெஞ்சு உட்பட. கூடத்தையே கிழித்துத் தோரணம் கட்டினார். அன்றுமுதல் நினைத்த நேரத்தில் சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். அவருடைய சட்டம் முதன்முறையாக உண்மையிலேயே அமலுக்கு வந்தது. விளைவு, காலரும் கையும் தயாராகிவிட, சட்டையின் முன்துண்டுகள் பாக்கெட்டுக்காக மலைபோல் காத்துக்கிடந்தன. பயத்தில் ஊசிகள் ஒடிந்தன. அனுப்ப வேண்டிய சரக்கு தேங்கியது.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். சரக்கு ஏன் தேங்குகிறது, யாரை வெளியே அனுப்பலாம், ஒரு பெயரோடு வாருங்கள் என்று உத்தரவு. பெயரா இல்லை? பாக்கெட்காரியின் பெயர் இவர் நாக்கு நுனியில் இருந்தது. கைக்குழந்தைக்காரி, இந்த வேலை போனால் அடுத்த வேளைக்கு வழியில்லாதவள் என்பதும் தெரியும். அதற்கு நான் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே இறங்கினார். படித் திருப்பத்தில் காலர் அக்கா வழியை மறித்தாள்.

"சார், அவ பேரைச் சொல்றதுக்கு முன்னாடி இதைக் கேட்டுட்டுப் போங்க. உங்க சத்தம் படியில கேட்டதும் கட்டெல்லாம் அவங்கவங்க மெஷினுக்குப் போயிடும். நீங்க அந்தப் பக்கம் போனதும், முடியாதவ கட்டை முடிஞ்சவ எடுத்துத் தைப்போம். இத்தனை வருஷமா சரக்கு தேங்காம போனது அப்படித்தான். நீங்க குணமானதுல எங்களுக்குச் சந்தோஷம்தான் சார். ஆனா பொழப்பு கெட்டுப் போச்சு."

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே வெட்கம் வந்தது. வெட்கம்தான் அதிகம் சுட்டது. பீற்றிக்கொண்ட விருந்துகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. மீதிப் படிகளை இறங்கிப் போனார்.

முதலாளி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரே ஒரு பெயர். சொன்னால் இவர் தப்பித்தார், யாரும் தவறென்று சொல்ல மாட்டார்கள்.

"குத்தம் எந்தப் பொண்ணு மேலயும் இல்லைங்க. எனக்கு உடம்பு தேறினதுதான் காரணம்" என்றார்.

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொண்டையில் தொடங்கி, படி, கட்டுகள், தான் போட்ட சட்டம், தன்னைப்போல் நடித்துக் காட்டியவள் வரை இவர் ஒன்று விடாமல் சொன்னார். முதலாளி முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"அப்போ இத்தனை வருஷமா நான் சம்பளம் கொடுத்தது உங்க செருமலுக்கா?"

"ஆமாங்க" என்றார். குரல் துளிக்கூடக் கரகரக்காமல், அறை முழுக்கக் கேட்கும்படி வந்தது.