அம்மா தூக்கிய உப்புக்கூடை

கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்த புதிது. என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள். யாரையும் தடுக்கமாட்டாள், திட்டமாட்டாள். பள்ளி விடுமுறையில் ஒருநாள் நானும் கூட இருந்தேன். நான்காவது பிள்ளையைக் கலைக்க வந்த உப்பளத்துக் கூலிப்பெண் ஒருத்தி அம்மாவின் முன்னால் நின்றாள்.

"யாருக்காகக்கா வேண்டிக்கிறீங்க?"

"உனக்காகவும் உன் வயித்துல இருக்கிறதுக்காகவும்தாம்மா."

"வேண்டிக்கிட்டா ஆச்சா? வயித்தத் தள்ளிக்கிட்டு நான் உப்புக்கூடை தூக்க முடியுமா? போவலைன்னா என் எடத்துல வேற ஆள வச்சிடுவாங்க."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "உனக்குப் பதிலா நான் வந்து தூக்குறேன். கூலி உனக்குத்தான்."

அவள் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் எங்களோடு திரும்பி வந்துவிட்டாள்.

தையல் மெஷினை விட்டு அதிகம் எழுந்திராத அம்மா, மறுநாளே உப்பளத்தில் இறங்கினாள். ஐந்து மாதம் விடாமல் போனாள். உப்புத் தண்ணீரில் பாதம் வெடித்து ரத்தம் கசியும். சாயங்காலம் நான் தேங்காயெண்ணெய் தடவும்போது, "மெதுவாடி, கழுத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

மழைக்காலத்துக்கு முன்பே அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அம்மாதான் முதலில் கையில் வாங்கினாள். "மூக்கு அப்படியே அவங்க அப்பன் மூக்கு" என்று அன்று முழுவதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.