மேல் அறை இந்தியன்

1988 பெப்ரவரி 13, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். கிழக்கு லண்டனின் பிளேஸ்டோவில் காலையிலிருந்து விடாத தூறல். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து சித்தப்பாவை அழைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குள் நுழைந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது.

எங்கள் மேல் அறையில் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். கனடாவின் ஆதிக்குடியைச் சேர்ந்தவர். ஆறடி ஐந்து அங்குலம். அவருடைய சனத்தில் பந்து ஆடிச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். கிழக்கு லண்டன் அணியொன்று அவரை வரவழைத்திருந்தது. வாழ்நாளில் பந்தைத் தொட்டறியாத அப்பா அந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டங்களுக்குப் போனார். ஆட்டக்காரர் எடுத்த புள்ளிகளைச் சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு ஒப்புவித்தார். என் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிகள் மூன்றில் ஒன்றுக்கும் வரவில்லை. நான்காவது போட்டி அடுத்த சனிக்கிழமை. கேட்டுப் பார்த்தேன்.

"அண்டைக்கு மேட்ச் அல்லோ, தம்பி" என்றார்.

சித்தப்பா யாழ்ப்பாணச் சண்டையில் வீட்டை இழந்து வந்தவர். ஊரில் அப்போது இந்திய இராணுவம் நின்றது. அவர் தேநீரை வாயில் வைக்கும்போது மேலே பந்து தட்டும் சத்தம் கேட்டது.

"மேல ஆர்?"

அப்பாவுக்கு முன் நான் முந்திக்கொண்டேன். "இந்தியன், சித்தப்பா."

பொய்யில்லை. அந்த நாளில் ஆங்கிலத்தில் கனடாவின் ஆதிக்குடிகளை அப்படித்தான் சொல்வார்கள். ஆட்டக்காரரும் தன்னை அப்படித்தான் சொன்னார். அந்தச் சொல் எங்கே போய் விழும் என்பதும் எனக்குத் தெரியும்.

"இந்தியனோ? அவங்களுக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனான்!"

"டேய், அவன் கனடா இந்தியன். அது வேற சனம்" என்றார் அப்பா.

"கனடாவிலயும் வந்து நிக்கிறாங்களோ!"

அம்மா சிரித்துவிட்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. பையைத் தூக்கினார். "எனக்கு இந்த வீட்டில நித்திரை வராது, அண்ணை."

சத்தம் கேட்டு ஆட்டக்காரர் படியிறங்கி வந்தார். என்ன விஷயம் என்று என்னைத்தான் கேட்டார். ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். கோபப்படுவார், அப்பாவுக்கு அவரைப் பிடிக்காமல் போகும் என்பது என் கணக்கு. அவரோ சித்தப்பாவின் ஈரச் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கள் ஊருக்குள் வந்தவர்களும் எங்களைக் கேட்டுவிட்டு வரவில்லை" என்றார். "அறையை இவருக்குக் கொடுங்கள்."

அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலை ஆட்டக்காரர் இரண்டு பைகளோடு போய்விட்டார். பிறகு வடக்கே ஒரு நகரத்தில் நான்கு பருவங்கள் ஆடி அணித்தலைவரானார். கனடாவுக்குத் திரும்பித் தன் ஆட்களுக்கென்றே ஓர் அணியும் அமைத்தார். அவர் அனுப்பிய தபாலட்டைகளை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அதற்கும் எனக்கு எரிச்சல்தான்.

அந்த அடுத்த சனிக்கிழமை பேச்சுப் போட்டிக்கு மேடையேறியதும் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தேடினேன். அதில் அம்மாவின் குடை இருந்தது. அப்பா பெற்றோல் நிலையத்தில் சனிக்கிழமை ஷிப்டையும் எடுத்திருந்தார். சொந்தத் தம்பியிடம் வாடகை கேட்க ஏலுமா? அப்பாவின் சனிக்கிழமைகளை ஓய்வாக வைத்திருந்ததே மேல் அறைக்காரரின் வாடகைதான் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

சித்தப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி கிடைக்கும்வரை அப்பா சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கவில்லை. மொத்தம் நூற்றுப் பதினேழு.