திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வணக்கம்

ரோஸ் பவுடர் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு மவுண்ட் ஆல்பர்ட் ஹால்தான் ஞாபகம் வரும்...

ஆக்லாந்து வந்த புதிது. பொங்கல் விழாவைத் தொகுத்து வழங்கக் கூப்பிட்டிருந்தார்கள். மதுரையில் எந்த மேடையிலும் கிடைக்காத வாய்ப்பு. இடது காலில் போலியோ, அதற்கு இரும்புக் காலிப்பர். போதாததற்கு நல்ல கறுப்பு. ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் ஒரு கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

விழாப் பொறுப்பு வசந்தி அக்காவுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர். என் முகத்தில் பவுடரை அப்பிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார்.

"பிள்ளை, உம்மட குரல் நல்ல வடிவு. நீர் திரைக்குப் பின்னால நிண்டு கதையுமன். லைட்டுக்கு முகமும் எடுபடாது, காலுக்கும் கரைச்சல்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். "சரிக்கா" என்றேன்.

பாதி விழா திரைக்குப் பின்னாலேயே போனது... தூசி, இருட்டு, கையில் மைக்.

இடைவேளையில் டெண்டாய் தன் வீல்சேரில் உட்கார்ந்தபடி உருட்டிக்கொண்டு வந்தாள். ஆபீசில் என் பக்கத்து சீட். ஜிம்பாப்வேயில் பிறந்த கறுப்பினப் பெண். நான் மேடையேறுவதைப் பார்க்கவே வந்திருந்தாள்.

"உன் குரல் கேட்டுச்சு. உன்னைத்தான் காணோம்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

காரணத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ட்ரெயின்ல எல்லாரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. ஒருத்தரும் பேசறதில்ல. உன்கிட்ட முகத்தை விட்டுட்டு குரலை மட்டும் வாங்கிக்கறாங்க. நீ ஏன் குடுக்கற?"

எனக்குச் சுருக்கென்றது. பாத்ரூமில் பவுடரைக் கழுவினேன்.

திரை விலகியதும் நானே நடந்து வந்தேன். மரத்தளத்தில் காலிப்பர் டக்... டக்... ஹாலில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. ஆனாலும் திரும்பிப் போவதாக இல்லை.

"லைட் போடுற அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. நான் கறுப்பு. எனக்கு வெளிச்சம் கூட வேணும்!"

முதலில் டெண்டாய் கை தட்டினாள், ஒரு வார்த்தைகூடப் புரியாமலே. அப்புறம் ஹாலே சிரித்தது. வசந்தி அக்காவும்தான்.

இப்போது மேடைக்குச் சாய்தளம் வந்துவிட்டது. "லைட் உமக்குக் காணுமோ, போதுமோ எண்டு வந்து பாருமன்" என்று அக்காவே போன் செய்கிறார். என் காலிலும் சத்தமே போடாத புது காலிப்பர். அந்த டக் டக் இல்லாமல் மேடையேறுவது என்னவோ போல இருக்கிறது. அப்போதெல்லாம் நான் வருவது எல்லோருக்கும் தெரிந்துவிடும்...

பரவாயில்லை. முகத்தில் வெளிச்சம் விழும்வரை நான் வணக்கம் சொல்வதில்லை.