சம்பளக் கவரும் வாடகை ரசீதும்

வருமான வரிப் படிவம் நிரப்பித் தருகிறவனிடம் மனிதர்கள் வீட்டுக் கதை எல்லாவற்றையும் சொல்வார்கள், படிவத்துக்கு வேண்டியதைத் தவிர. ஜூன் மாதத்தில் அப்படிப்பட்ட மேசைக்கு எந்தப் பக்கமாவது உட்கார்ந்து வியர்த்தவர்களுக்கு இது புரியும். பி.காம். முடித்து, எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாக மேசை வேலைக்குப் போனேன். அது தொண்ணூறுகளில், ஓசூரில் ஒரு வரி ஆலோசகரிடம். எந்தக் கூட்டலையும் மூன்று தடவை போட்டுப் பார்ப்பேன். நாலாவது தடவை, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனசுக்குள் போடுவேன்.

மெலிந்த கவர்

முனிராஜ் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். பாகலூரிலிருந்து வருவார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பஸ் செலவுக்குக் கேட்டு வாங்கிக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷம் சம்பளம் உயர்ந்ததால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கம்பெனி வரி பிடித்துவிட்டது. கவர் மெலிந்தது. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

பிடித்த பணம் திரும்பி வந்தால்தான் அப்பா நம்புவார் என்றார் முனிராஜ். வாடகை ரசீது வைத்தால் வரி குறையும் என்று ஷிப்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "வாடகை கொடுக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"முழுச் சம்பளமும் அப்பாகிட்டதான் குடுக்கறேன் சார். அதுல வாடகை எவ்ளோன்னு நீங்களே பிரிச்சுப் போட்டுக்கங்க."

ஒட்டிய ஸ்டாம்பு

வாடகை என்று பேசிக் கொடுத்து, வாடகை என்று அவர் வாங்கியிருந்தால்தான் எழுத முடியும் என்றேன். மறுநாள் முனிராஜ் தன் அப்பா வெங்கடப்பாவையே அழைத்து வந்துவிட்டார். கையில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய ரசீது தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பெரியவர் மகனிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார்.

"அத்திப்பள்ளிப் பக்கம் இவனுக்குப் பொண்ணு பாத்திருக்குது. எம்மகன் என் வீட்டுலயே வாடகைக்கு இருக்கறான்னு கையெழுத்துப் போட்டா, எவன்ப்பா பொண்ணு குடுப்பான்?"

திருப்பி அனுப்பிய ஆள்

அப்பா வெளியே போனதும் முனிராஜ் குனிந்து, அந்தக் கையெழுத்தை நானே போட்டுவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். உங்கள் பெயரில் ஏதாவது சேமிப்பு இருந்தாலும் வரி குறையும், கொண்டுவாருங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "எம்பேர்ல என்ன சார் இருக்குது?" என்று முனகிக்கொண்டே வாங்கிப் போனார்.

பக்கத்து மேசை டைப்பிஸ்ட் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஒருத்தனத் திருப்பி அனுப்பினா ஷிப்டே திரும்பிப் போயிடும் தம்பி. வேற வேலையும் பாத்து வச்சுக்க."

மடித்த தாள்கள்

இரண்டு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். வெங்கடப்பா என் சீட்டை மேசையில் வைத்து, அதன் மேல் மடித்த தாள்களை வைத்தார். தபால் ஆபீஸ் சேமிப்புப் பத்திரங்கள். மகன் கல்யாணத்துக்கென்று, கவர் வந்த மாதமெல்லாம் அதிலிருந்து எடுத்து மகன் பெயரிலேயே வாங்கியிருந்தார். "நான் தின்னுட்டேன்னு நெனச்சுத்தான் வாடகை கீடகைன்னு கணக்குக் கேக்கறான்னு இருந்தேன்" என்றார். அப்பா நீட்டிய விண்ணப்பங்களில் என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டது முனிராஜ்தான்.

தேதிகளை மூன்று தடவை பார்த்தேன். அந்த வருஷத்துக்குள் வாங்கியவையே போதுமானதாக இருந்தன. பிடித்த வரியில் பெரும்பகுதி திரும்பி வரும். கம்பெனி கொடுத்த தாளில் வரி பிடித்த தொகையைப் பெரியவருக்குக் காட்டி, கவரில் குறைந்தது இதுதான் என்றேன். அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"இனிமே பஸ்ஸுக்குக் கேட்டு நிக்காத. நீயே கவரப் பிரிச்சு எடுத்துக்க, மிச்சத்தக் குடு."

மறுவாரம் அந்த ஷிப்டில் பாதிப் பேர் ஆளுக்கொரு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டும் வேலை என்று நம்பிச் சேர்ந்த நான், அதன் பிறகு பாதி நாள் அப்பாக்களுக்குத்தான் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.