சுவரில் மாட்டிய நற்சான்று

அக்காவின் வயிற்றுத் தையலைப் பிரித்து, சீழ் தோய்ந்த துணிச் சுருள் ஒன்றை இடுக்கியால் வெளியே இழுத்தார் குரோம்பேட்டை டாக்டர். வழக்குப் போட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

"ஆபரேஷன் செஞ்சவங்க உள்ளேயே விட்டுட்டாங்க. ரிப்போர்ட் எழுதித் தரேன்" என்றார்.

கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில். நேராக அங்கே போய் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டேன். நான் சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவன். உரிமை, இழப்பீடு என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

ஆபரேஷன் செய்த டாக்டர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். "இது யாரு தம்பி எழுதினது?"

கண்ணாடிச் சட்டத்துக்குள் என் கையெழுத்து. டிஸ்சார்ஜ் அன்று, "டாக்டரைப் பத்தி நாலு வரி எழுதுங்க சார், எல்லாரும் எழுதுவாங்க" என்று நர்ஸ் தாளை நீட்டினார். பக்கத்தில் கட்டிலில் அக்கா, "காய்ச்சல் அடிக்குதுடா" என்று முனகிக்கொண்டிருந்தாள். என் ஆங்கிலத்தைக் காட்டும் ஆசையில், பூரண குணம், தெய்வக் கரங்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அவர் மீது வந்த அருவருப்பைவிட என் மீது வந்ததுதான் அதிகம்.

அக்கா வீடு திரும்பியதும் நடந்ததைச் சொன்னபோது வெடித்தாள். "வயிறு என்னுது. என்னைக் கேட்டா எழுதினே? கோர்ட்டுல நானே சொல்றேன், வா."

சட்டம் படிக்கும் எனக்கு அதுவரை இது உறைக்கவே இல்லை: குணமானதா என்று சொல்லும் உரிமை அவளுடையது.

நாளை காலை ரயிலில் செங்கல்பட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகிறோம். அவள் காய்ச்சலோடு கிடந்தபோது அந்தப் பொய்யை எழுதியவன் நான்தான் என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதப் போகிறேன்.